மச்சினியின் நேர்முகத் தேர்வுக்குத் துணை போனேன்

என் மனைவி மெர்சி என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்பியது ஒரே ஒரு காரியத்துக்காக. அவள் தங்கை ஜெசிந்தாவைப் பதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "நீங்க பக்கத்துல இருந்தாப் போதும். வேலை கேட்டு அவ எங்கயும் போயி நின்னதே கிடையாது, தெகைச்சுப் போயிருவா," என்றாள். நான் சிங்கப்பூரில் இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். வேலை கேட்டு வரும் புது ஓட்டுநர்களுக்கு எங்கள் பணிமனையில் நான்தான் பாடம் எடுப்பேன். எப்படி உட்கார வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. கிட்டத்தட்ட ஒரு நிபுணனைப் போலத்தான் விமானம் ஏறினேன்.

விஷயம் இதுதான். ஜெசிந்தா மீன் லோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில் திரேஸ்புரம் கரையில் ஏற்றிய மீனை விடிவதற்குள் கொல்லத்தில் கொண்டுபோய் இறக்குவாள். முதலாளி லாரியை விற்றுவிட்டார். அவள் கணவன் கிளாட்வின் விசைப்படகில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் இரண்டு பேர். குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று ஓர் ஏஜெண்டு வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை, துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் கம்பெனியில் டிரெய்லர் ஓட்ட ஆள் எடுத்தார்கள். முதல் தடவையாகப் பெண்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வேலை கிடைத்தால் அவள் பிள்ளைகளோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் குவைத்து.

மதுரையிலிருந்து பேருந்தில் வந்தேன். எட்டயபுரம் பக்கம் டீ குடிக்க நிறுத்தினார்கள். சிங்கப்பூர்க் கோப்பிக் கடையில் உட்காருவதுபோல நான் நிதானமாக உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தேன். நிமிர்ந்தால் பேருந்து இல்லை. என் பெட்டி, மெர்சி கொடுத்துவிட்ட சாக்லேட், எல்லாம் அதோடு போய்விட்டன. கடைக்காரர் பதறவே இல்லை. "ஏலே, இந்த அண்ணாச்சிய ஏத்திட்டுப் போயி பஸ்ஸப் பிடிச்சுக் குடு," என்று பைக்கில் நின்றிருந்த ஒருவரிடம் சொன்னார். பத்துப் பன்னிரண்டு லாரிகளைத் தாண்டிப் பறந்து பேருந்தைப் பிடித்தோம். கண்டக்டர் என்னைப் பார்த்து, "எங்க போனீரு? விசில் அடிச்சோம்லா?" என்று என்னையே திட்டினார். சிங்கப்பூரில் ஒரு பயணியை விட்டுவிட்டுப் போனால் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இங்கே பயணிதான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் நுழைந்ததும் குசினியிலிருந்து மணம் வந்தது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சமையலறைக்கு இன்னும் அந்தப் பெயர்தான். உள்ளே ஜெசிந்தா இருப்பாள் என்று பார்த்தால் கிளாட்வின். இடுப்பில் பெல்ட்டுக் கட்டிக்கொண்டு, சாளை மீனைப் புளிக்குழம்பில் போட்டுக்கொண்டிருந்தான். "கடலுக்குத்தான் போவ முடியல. மீனு நம்மளத் தேடி வருதுல்லா அண்ணே, விடுவேனா," என்றான். ஆப்பமும் அந்தக் குழம்பும் சாப்பிட்டேன். சிங்கப்பூரில் தேக்காப் பக்கம் எத்தனையோ தமிழ்க் கடைகளில் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். இனிமேல் அங்கே சாப்பிடும்போது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடலுக்குப் போகமாட்டார்கள். கோயிலில் பூசை முடிந்து வந்ததும் பாடத்தைத் தொடங்கினேன். முன்னறையில் மேசை போட்டு, நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். கிளாட்வின் இரண்டாவது அதிகாரி. ஜெசிந்தா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். முதுகு நேராக இருந்தது, கை அலையவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க திறமை என்னன்னு சொல்லுங்க," என்றேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல."

"வண்டி ஓட்டுவீங்கள்ல?"

"ஏதோ ஓட்டுவேன்."

"எவ்வளவு காலமா?"

"கொஞ்ச நாளா."

கிளாட்வின் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஓட்டுகிறவள் அவள். லாரிக்கு முன்னால் உப்பளத்தில் டிராக்டர். பின்னால் உப்பு வண்டியைக் கோர்த்துக்கொண்டு, ஒரு வண்டி மட்டும் போகிற வரப்பில் ரிவர்ஸிலேயே வருவாள் என்று கிளாட்வின்தான் எனக்குச் சொன்னான். அவள் சொல்லவில்லை.

"வேற யாரையும் எடுக்காம உங்கள ஏன் எடுக்கணும்?" என்றேன்.

"எடுக்கணும்னா எடுங்க," என்றாள்.

இதற்கு மூச்சுப் பயிற்சிதான் சரி என்று நினைத்தேன். மூக்கால் இழுத்து, நிறுத்தி, வாயால் விடச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே அதைச் செய்தாள். நான்தான் அதிகமாக இழுத்துத் தலைசுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கிளாட்வின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

திங்கள் காலையில் கிளாட்வினோடு திரேஸ்புரம் கரைக்குப் போனேன். நாட்டுப்படகுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு படகு கரையில் தட்டியதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வலையில் கிடைத்த மீனை இங்கே 'பாடு' என்பார்கள் என்று மெர்சியிடமிருந்து கற்றிருந்தேன். கற்ற வித்தையைக் காட்ட வேண்டாமா? "அண்ணாச்சி! நல்ல பாடா?" என்று கத்தினேன்.

கரையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படகில் இருந்தவர் முகத்தைச் சுளித்து, "என்னத்த பாடு. குழம்புக்குக் கெடச்சுது," என்றார்.

பாவம், இவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு வந்திருக்கிறார்களே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. அப்புறம் படகிலிருந்து பெட்டி இறங்கியது. இன்னொரு பெட்டி. அதற்கடுத்து விளமீனும் பாறைமீனுமாக இன்னும் பெட்டிகள். சுமந்தவர்கள் மூச்சு வாங்கினார்கள். அந்தக் குழம்புக்குச் சட்டி வாங்கவே தனிக் கடைக்குப் போக வேண்டும்!

"பொய்யா சொன்னாரு?" என்று கிளாட்வினிடம் கேட்டேன்.

"பொய் இல்லண்ணே. வாயால சொல்லப்பிடாது. நெறைய கெடச்சிருக்குன்னு சொன்னா அடுத்த நாளு வலை காலியா வரும். யாரும் கேக்கவும் மாட்டாங்க. நீங்க வெளியூருன்னு விட்டுட்டாவ."

அப்புறம் ஏலத்தைப் பார்த்தேன். மீனை மணலில் கொட்டினார்கள். படகுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். தன் மீன் நல்ல மீன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்க வந்தவர்கள் குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, அவர்களே விலையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏலம் விடுகிறவர் கத்திய கத்தலில் என் காது அடைத்தது. படகுக்காரர் கடைசிவரை வேறு யாருடைய மீனோ விற்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஜெசிந்தாவுக்குப் பதற்றமே இல்லை. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள் அவள், அதுதான் பிரச்சினை. நாளைக்குக் காலையில் குளிர்சாதன அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, உன்னைப் பற்றி நீயே நல்லதாகச் சொல் என்று கேட்கப் போகிறார்கள். இவள் குழம்புக்குக் கிடைத்தது என்பாள். அவர்களும் சரி என்று அனுப்பிவிடுவார்கள்.

மத்தியானம் அவளை உட்காரவைத்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். "நான் நன்றாக வண்டி ஓட்டுவேன்." சுவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். "நான் நல்லா" வரைக்கும் வந்தாள். அதற்குமேல் சிரிப்பு. கண்ணாடியைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும் இன்னும் சிரித்தாள். "வாயில வர மாட்டேங்கு அத்தான். முள்ளு மாட்டுன மாதிரி இருக்கு," என்றாள். கிளாட்வினும் சிரித்தான். நான் கோபித்துக்கொண்டு வெளியே வந்து மெர்சிக்குப் போன் போட்டேன்.

"உன் தங்கச்சி தேறமாட்டா," என்றேன்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப சமைக்கத் தெரியுமான்னு கேட்டீங்களே, நான் என்ன சொன்னேன்?"

"சுமாராத் தெரியும்னு சொன்ன."

"கல்யாணத்துக்குப் பொறவு என்ன ஆச்சு?"

நான் என் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். வெள்ளை உப்புக்குவியல்களைத் தாண்டித் துறைமுகச் சாலைக்குத் திரும்புகிற இடத்தில் எல்லாம் நின்றுபோயிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற காற்றாலை இறக்கை ஒன்று, தெருவை விட நீளமாக, ஒரு டிரெய்லரில் ஏறி வந்து முக்கில் திரும்ப முடியாமல் நின்றது. முன்னால் இரண்டு பேர் விசில் அடித்தார்கள், ஒருவர் கொடி ஆட்டினார், ஒரு டீக்கடைக்காரர் தன் பந்தல் கம்பைத் தானே பிடுங்கி வழிவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தேன். திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தேன். "இறங்கி நடந்துரலாமா? ஓடலாமா?" என்றேன்.

ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அந்த டிரெய்லரின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் முன்னால போயி ஒடிக்கணும். இப்பவே ஒடிச்சா வால் கம்பத்துல தட்டும்," என்று தனக்குத்தானே சொன்னாள். டிரெய்லர்க்காரர் இன்னும் கொஞ்சம் முன்னால் போய்த்தான் ஒடித்தார். நாங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் தலையைச் சீவிக்கொண்டு உள்ளே போனாள்.

என்னை உள்ளே விடவில்லை. கம்பிவேலிக்கு எதிரே ஒரு டீக்கடை. கண்டெய்னர் லாரி ஓட்டுநர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மைதானம்போல ஒரு முற்றம். இரண்டு கண்டெய்னர் பெட்டிகளுக்கு நடுவே இடம் விட்டு, அதற்குள் டிரெய்லரை ரிவர்ஸில் விடச் சொல்லிப் பரீட்சை வைத்தார்கள். உள்ளே கேள்வியில் தேறியவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பரீட்சை. ஓர் ஆள் வந்து ஓட்டினார். இன்னொருவர் வந்தார். ஜெசிந்தா வரவில்லை. நான் பருப்பு வடையாகத் தின்றுகொண்டிருந்தேன்.

"யாருக்கு வந்திருக்கிய?" என்று பக்கத்தில் இருந்த வயதான ஓட்டுநர் கேட்டார்.

"என் மச்சினிக்கு."

"பொம்பளப் பிள்ளைக்கா?" என்றவர் வேலிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நடந்ததை அவள் பிற்பாடுதான் சொன்னாள். ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேர். முதல் ஆள் இங்கிலீஷில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். பேர், ஊர், ஹெவி லைசென்ஸ், அதோடு நிறுத்திவிட்டாள். உங்கள் திறமை என்ன என்று நடுவில் இருந்த அம்மா கேட்டார். "பெருசா ஒண்ணும் இல்ல மேடம்." அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப எதுக்கும்மா வந்தே?" என்றார் மூன்றாமவர். அவர் சொன்னதில் தப்பில்லை, நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவள் எழுந்து நின்றாளாம். "சார், எங்க கரையில மீனக் கொண்டுவந்தவன் வாயத் தொறக்க மாட்டான். மணல்ல கொட்டிட்டு ஒதுங்கி நிப்பான். வாங்குதவங்க பாத்துட்டு வெல சொல்லுவாங்க. என்னப் பத்தி நான் சொன்னா நல்லாருக்காது. ஒரு வண்டியக் குடுங்க. பாத்துட்டு நீங்க சொல்லுங்க. நல்லா இல்லன்னா நான் ஒண்ணும் கேக்காம போயிருதேன்."

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு சொல்கூட அதில் இல்லை. கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டீக்கடையிலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான். அலுவலகக் கதவு திறந்தது, ஜெசிந்தா வந்தாள். அவ்வளவுதான், குவைத்து என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் மூன்று பேரும் வெயிலில் இறங்கி வந்தார்கள். ஒருவர் அவளுக்கு ஆரஞ்சு நிற மேல்சட்டையைக் கொடுத்தார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரெய்லரில் ஏறினாள்.

வேலியோரம் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். வண்டி முன்னால் போய், வளைந்து, பின்னால் வரத் தொடங்கியது. கொஞ்சம் கோணிக்கொண்டுதான் வந்தது. "போச்சு, பெட்டியில தட்டப் போவுது," என்றார் ஒருவர். நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நின்றது. அவள் இறங்கினாள்.

"ஏலே, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா நடக்கப் போறாளே!" என்று சிரித்தார்கள்.

ஜெசிந்தா யாரையும் பார்க்கவில்லை. பின்னால் நடந்து போனாள். பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே குனிந்து பார்த்தாள். மறுபக்கம் போய் அதையும் பார்த்தாள். பீகார்க்கார ஓட்டுநர் ஒருவர் இந்தியில் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "சிரிக்காதீர்கள். இறங்கிப் பார்க்க வெட்கப்பட்டு நான் பின்விளக்கை உடைத்திருக்கிறேன்." அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என் மாணவர்களுக்கு நான் தொண்டை வற்றச் சொல்வதும் அதுதான். சந்தேகம் வந்தால் இறங்கு. பரீட்சையில் ஒருவரும் இறங்கமாட்டார்கள், தோற்றாலும் தோற்பார்கள்.

அவள் ஏறி வண்டியை முன்னால் எடுத்து நேராக்கினாள். பின்னால் விட்டாள். மெதுவாக, ஒரே ஓட்டத்தில், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே அத்தனை நீள வண்டியும் உள்ளே போய் நின்றது. இரண்டு பக்கமும் சமமாக இடம் இருந்தது.

வயதான ஓட்டுநர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "சுமாராத்தான் எடுத்தா," என்றார்.

அவர் எந்தக் கரைக்காரர் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் சிங்கப்பூர்க்காரன், எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. "அது என் மச்சினி!" என்று கத்திக் கைதட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தா கண்ணாடிக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் வெளியே வந்தாள். மருத்துவப் பரிசோதனை முடித்து அடுத்த வாரமே பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நின்ற இடத்திலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. இவள் என் கூடப் பிறந்தவள் இல்லை, நான் வளர்த்த பிள்ளையும் இல்லை. இருந்தாலும் என் ஆயுளில் நான் வாங்கிய எந்த வேலைக்கும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"நீங்க ஏன் அத்தான் இப்படி வேர்த்து ஊத்துதீங்க?" என்று பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கொடுத்தாள். கைக்குட்டைக்கு இங்கே அதுதான் பேர். முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"உனக்குப் பயமே இல்லையா?"

"நாற்காலியில உக்காந்திருந்தப்ப இருந்துச்சு. வண்டியில ஏறுனப்பொறவு எங்க பயப்பட? சோலி கெடக்குல்லா."

பதற்றம் தணிக்க நான் கற்றுவைத்திருந்த மூச்சுப் பயிற்சி, முதுகுப் பயிற்சி எல்லாவற்றையும்விட இது சுருக்கமாக இருந்தது. சிங்கப்பூர் போனதும் என் வகுப்பில் இதையே சொல்லிக்கொடுப்பதாக இருக்கிறேன். யார் சொன்னது என்றும் சேர்த்துச் சொல்வேன்.

புதன்கிழமை ஏஜெண்டு அலுவலகத்துக்கு மூவருமாகப் போனோம். அவர் தங்கமான மனிதர். "நல்லதும்மா. பிள்ளைகளோட இருக்கதுதான் நல்லது," என்று பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் கிளாட்வின் அதைக் கையில் வாங்கி, திறந்து, அவள் படத்தைப் பார்த்தான். முதுகு வலியோடு அவன் அன்று கடைவீதி முழுக்க நடந்து முந்திரி மக்ரூன் வாங்கினான். பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம், மெர்சிக்கு ஒரு பொட்டலம், அந்த ஏஜெண்டுக்கும் ஒரு பொட்டலம்.

வியாழக்கிழமை பேருந்து நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்தார்கள். டீ குடிக்கிற இடத்தில் இறங்கவே விடக் கூடாது என்று கண்டக்டரிடம் கிளாட்வின் என்னைக் காட்டிச் சொல்லிவைத்தான். நான் சன்னலோரம் உட்கார்ந்தேன். ஜெசிந்தா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பாஸ்போர்ட்டு சும்மாதான் கெடக்கு அத்தான். லீவு சேந்ததும் நாங்க நாலு பேரும் சிங்கப்பூருக்கு வாரோம்."

"வாங்க, வாங்க. ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்."

"ஊரு கெடக்கட்டும். உங்க பஸ்ஸுல ஏறி முன்னால நிக்கணும். முக்குல எப்படி ஒடிக்கீங்கன்னு பாக்கணும்."

பேருந்து கிளம்பிவிட்டது. இருபது வருடத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் என் பேருந்தில் ஏறி, பக்கத்தில் நின்று, நான் ஓட்டுவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் அசைந்ததில்லை. ஊர் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு முக்கிலும் கொஞ்சம் நிதானித்துத்தான் திருப்புகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற என் மச்சினி எந்த லீவில் வேண்டுமானாலும் வந்து நிற்பாள்.